வில்லனின் வெப்பம் எங்கே போனது?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது, "காமிக்ஸ் வில்லன் ஒருத்தனைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வரதட்சணை, வேலையில்லாத் திண்டாட்டம், மரம் வளர்ப்பு... இப்படி எவ்வளவோ இருக்கு. உனக்கு வில்லன்தான் கிடைச்சானா?" என்றார். "இவன் சாதாரண வில்லன் இல்லைண்ணே. நம்ம டிபார்ட்மென்ட்டு ஆளு" என்றேன். சிரித்துவிட்டு நாலு பக்கம் ஒதுக்கினார். அவருக்கு என் நன்றி!

நான் சொல்லும் ஆள் மிஸ்டர் ஃப்ரீஸ். பேட்மேன் கதைகளில் வரும் வில்லன். 1939-ல் அமெரிக்காவில் பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய வௌவால் மனிதரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய எதிரிகளில் எல்லாருக்கும் தெரிந்தவன் சிரிக்கும் ஜோக்கர். நம்ம ஃப்ரீஸ் சிரிக்க மாட்டான். குளிர்சாதன உடை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் கண்ணாடிக் குடுவை மாட்டிக்கொண்டு, உறைய வைக்கும் துப்பாக்கியோடு அலைவான். அவனுடைய துறை குளிரூட்டல். அதாவது, நம்மில் பலர் அரியர் வைத்திருக்கும் அதே பேப்பர்!

முதலில் ஒரு கணக்கு

குளிரூட்டல் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தந்த பாடம் நினைவிருக்கிறதா? குளிர் என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. இருப்பது வெப்பம் மட்டும்தான். அதை ஓரிடத்திலிருந்து எடுத்தால் அந்த இடம் குளிர்கிறது. எடுத்த வெப்பம் மாயமாய்ப் போகாது. எங்காவது கொட்டியே ஆகவேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சுடும்.

அப்படியானால் ஃப்ரீஸின் துப்பாக்கி சாத்தியமா? மனிதனை அறுபது கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தேழு டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர 9,300 கிலோஜூல். அதைப் பனிக்கட்டியாக்க இன்னும் 20,100. ஆக மொத்தம் 29,400 கிலோஜூல். ஒரு டன் குளிரூட்டல் என்பது நொடிக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோஜூல். ஒரே நொடியில் ஆளை உறைய வைக்க 8,400 டன் பிளான்ட் வேண்டும்! ஒன்றரை டன் ஏசி 5,600-ஐத் தோளில் தூக்கிக்கொண்டு எவனாவது திருடப் போவானா? போனாலும், எடுத்த வெப்பம் பின்பக்கமாக வந்து சுட்டவனையே வேகவைத்துவிடும்.

ஆகவே துப்பாக்கியை விட்டுவிடுவோம். அந்தப் பாடத்திலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதன் பனிக்கட்டியாய்ப் போயிருக்கிறான் என்றால், அவனிடமிருந்த வெப்பம் எங்கே போனது? யார் எடுத்தது?

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரே வில்லனைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறார்கள். சிலர் கேட்கவே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காரணம் இல்லாத திருடன்

இவன் பிறந்தது பிப்ரவரி 1959 தேதியிட்ட பேட்மேன் 121-ஆம் இதழில். எழுதியவர் டேவ் வுட், வரைந்தவர் ஷெல்டன் மோல்டாஃப். அப்போது பெயர் ஃப்ரீஸ் இல்லை, மிஸ்டர் ஜீரோ! உறைய வைக்கும் துப்பாக்கியைச் சோதிக்கும்போது திரவம் மேலே கொட்டிவிடுகிறது. அன்றிலிருந்து குளிரில்தான் உயிர் வாழ முடியும். சரி, அப்படி ஆன மனுஷன் என்ன செய்வான்? டாக்டரிடம் போவான். இவன் வைரம் திருடப் போகிறான். அமெரிக்கக் கொச்சையில் வைரத்துக்கு 'ஐஸ்' என்று ஒரு பெயர். அந்தச் சிலேடைக்காகவே ஒரு வில்லன்! கடைசியில் பேட்மேன் ஒரு நீராவிக் குழாயை உடைக்க, ஆவி பட்டு ஆள் குணமாகிவிடுகிறான். கதை முடிந்தது.

இவ்வளவு சப்பென்று ஏன் எழுதினார்கள்? எழுதியவர்களுக்குத் திறமை இல்லை என்று நினைக்கவேண்டாம். 1954-ல் அமெரிக்காவில் படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வைத்துக்கொண்டார்கள். குற்றவாளி மீது வாசகருக்கு அனுதாபம் வரும்படி எழுதக்கூடாது, நல்லவன்தான் ஜெயிக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அனுதாபம் கூடாது என்றால் காரணமும் கூடாது. ஏனென்றால் காரணம் தெரிந்தால் அனுதாபம் வந்துவிடுமே! அதனால் மிஸ்டர் ஜீரோவின் பதிலும் பூஜ்ஜியம்தான்.

1966-ல் டி.வி.க்கு வந்தான். ஆடம் வெஸ்ட் பேட்மேனாக நடித்த தொடர். அதில்தான் மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் மாறியது. இரண்டே ஆண்டில் மூன்று பேர் இவனாக நடித்தார்கள். முதலில் ஜார்ஜ் சாண்டர்ஸ். அடுத்து ஆட்டோ பிரெமிங்கர், இவர் புகழ்பெற்ற இயக்குநர். மூன்றாவது எலி வாலக். சாண்டர்ஸ் வந்த கதையில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. பேட்மேன் இவனைப் பிடிக்கப் போனபோதுதான் அந்தத் திரவம் இவன் மேல் கொட்டியது. அதற்காகத்தான் பழிவாங்க வருகிறான். அட, காரணம் வந்துவிட்டதே! ஆனால் தொடர் முழுக்கக் கேலி, கூத்து. வீட்டுக்குள் ஒரு பக்கம் சிவப்பு விளக்கு போட்டுச் சூடு, மறுபக்கம் நீல விளக்கு போட்டுக் குளிர் என்று வேடிக்கை காட்டினார்கள். காரணத்தை யாரும் கவனிக்கவில்லை. 1968-ல் காமிக்ஸிலும் ஃப்ரீஸ் என்ற பெயர் வந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் இவன் இரண்டாந்தர வில்லன்தான்.

1992: ஒரு வீடியோ நாடா

1992 செப்டம்பர் 7. அமெரிக்கக் குழந்தைகளுக்கான பேட்மேன் கார்ட்டூன் தொடரில் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்று ஒரு பகுதி ஒளிபரப்பானது. எழுதியவர் பால் டினி, இயக்கியவர் புரூஸ் டிம். மொத்தமே இருபத்திரண்டு நிமிஷம் இருக்கும். விடுதியில் ஒரு நண்பனின் லேப்டாப்பில், மெஸ் மணி அடித்தும் எழுந்திருக்காமல் பார்த்து முடித்தேன்.

இந்தக் கதையில்தான் ஃப்ரீஸ் என்பவன் முதன்முதலாக மனிதனாகிறான். பெயர் விக்டர் ஃப்ரைஸ். காத்கார்ப் என்ற கம்பெனியில் ஆராய்ச்சியாளன். மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும் வரை அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான். கம்பெனி தலைவர் ஃபெரிஸ் பாயில் காவலாளிகளோடு உள்ளே வருகிறார். கம்பெனி கருவியை, கம்பெனி காசை, யாரைக் கேட்டு உபயோகிக்கிறாய்? நிறுத்து! என்கிறார். நிறுத்தினால் அவள் செத்துப்போவாள் என்று இவன் கெஞ்சுகிறான். கைகலப்பில் பாயில் எட்டி உதைக்கிறார். ரசாயனங்கள் மேலே கொட்டுகின்றன. அத்தோடு ஃப்ரைஸ் என்ற மனிதன் முடிந்து, ஃப்ரீஸ் என்ற வில்லன் எழுந்து வருகிறான்.

இதே பாயில்தான் வெளியில் மனிதாபிமானி என்று விருது வாங்குகிறார்! மக்களுக்கான கம்பெனி என்று விளம்பரம் வேறு!

கதையின் உயிர்நாடி எதுவென்று கேட்டால், அந்த வீடியோ நாடா என்பேன். ஃப்ரைஸ் தன் பரிசோதனையைப் பதிவு செய்துகொண்டிருந்தான். பாயில் வந்தது, மிரட்டியது, உதைத்தது எல்லாம் அதில் விழுந்துவிட்டது. கம்பெனி ஆவணங்களுக்குள் கிடந்த அந்த நாடாவைப் பேட்மேன் கண்டெடுக்கிறார். கடைசிக் காட்சியில் விருது விழாவுக்குள் புகுந்த ஃப்ரீஸை அடக்கிவிட்டு (எதை வைத்து என்று நினைக்கிறீர்கள்? ஜலதோஷத்துக்காக வீட்டில் கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்க்கு சூப்! சூடான சூப்பு பட்டதும் கண்ணாடிக் குடுவை நொறுங்குகிறது), அந்த நாடாவைச் செய்தியாளர் கையில் கொடுக்கிறார். ஃப்ரீஸ் சிறைக்குப் போகிறான். பாயிலின் முகமூடியும் அன்றே கிழிகிறது.

இரண்டும் நடக்கிறது, கவனியுங்கள்! ஒன்று மட்டும் நடந்திருந்தால் இது சாதாரணக் கதை.

இந்தப் பகுதிக்காக டினிக்கு டே டைம் எம்மி விருது கிடைத்தது. அதன் பிறகு காமிக்ஸ்காரர்களும் இந்தப் பூர்வீகக் கதையையே எடுத்துக்கொண்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் வாழ்ந்த ஒரு பாத்திரத்தின் பழைய சரித்திரத்தை இருபத்திரண்டு நிமிஷக் கார்ட்டூன் மாற்றி எழுதிவிட்டது!

"அதுக்காகக் கொலை பண்ணலாமா?"

இதை அறையில் சொன்னபோது சிவில் நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். "இப்படியே போனா எல்லா வில்லனுக்கும் ஒரு கண்ணீர்க் கதை வச்சிடுவீங்க. பொண்டாட்டி செத்தா ஊரையே உறைய வைக்கலாமா? நம்ம சினிமாவுலயும் இதானே நடக்குது. பிளாஷ்பேக் போட்டாச்சுன்னா பத்துக் கொலை மாப்பு!"

நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். காரணம் வேறு, சாக்கு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பும் கதைகள் நிறையவே இருக்கின்றன.

ஆனால் அந்தக் கார்ட்டூனில் இன்னொரு சின்னக் காட்சி உண்டு. திருட்டுக்குப் போன இடத்தில், ஃப்ரீஸின் கூலியாள் ஒருவனுடைய கால்களே தவறி உறைந்துபோகின்றன. காப்பாற்றச் சொல்லிக் கதறுகிறான். ஃப்ரீஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறான். அந்த ஆளைக் காப்பாற்றுவது பேட்மேன்தான்.

யோசித்துப் பாருங்கள். பாயில் இவனுக்குச் செய்ததும் இவன் அந்தக் கூலியாளுக்குச் செய்வதும் ஒன்றுதானே? "எனக்கு வேலை நடக்கணும், நீ எக்கேடு கெட்டாலும் சரி!" முதலாளியிடம் அடிபட்டவன், தனக்குக் கீழே ஒருத்தன் கிடைத்ததும் முதலாளியாகவே மாறிவிட்டான். கதை எழுதியவர் ஃப்ரீஸுக்குக் காரணம் கொடுத்தார், மன்னிப்புக் கொடுக்கவில்லை. அந்த ஒரு காட்சி போதும் என் நண்பனுக்குப் பதிலாக.

மறுபடியும் வைரம்

1997-ல் 'பேட்மேன் அண்ட் ராபின்' சினிமா வந்தது. ஜோயல் ஷூமாக்கர் இயக்கம். ஃப்ரீஸாக அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர்! உடம்பு முழுக்க வெள்ளி வண்ணம், வாயைத் திறந்தால் பனிச் சிலேடை. நோரா இருக்கிறாள், நோய் இருக்கிறது, கண்ணீரும் ஒரு சொட்டு இருக்கிறது. ஆனால் பாயில் இல்லை! விபத்து தானாக நடக்கிறது. நோராவின் குழாயை நிறுத்துவது பாய்சன் ஐவி என்ற இன்னொரு வில்லி. கம்பெனி என்ற பேச்சே காணோம். பழையபடி வைரம் திருடுகிறான், உடைக்குச் சக்தி கொடுக்க வைரம் வேண்டுமாம். 1992-ல் ஏறிய படியிலிருந்து 1959-க்கே சறுக்கி இறங்கிவிட்டார்கள். படம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

1999-ல் எதிர்காலத்தில் நடக்கும் 'பேட்மேன் பியாண்ட்' கார்ட்டூனில் ஃப்ரீஸுக்குப் புது உடம்பு கிடைக்கிறது. திருந்தி, பாவத்துக்குப் பரிகாரம் தேடி, நோரா பெயரில் அறக்கட்டளை தொடங்குகிறான். அப்போதும் அந்த உடம்பைக் கொடுத்த முதலாளிக்கு இவன் ஒரு சோதனை எலிதான். அந்தத் தொடர்க்காரர்களாவது கேள்வியை மறக்கவில்லை.

முதலாளி மாறினார், பழி இடம் மாறியது

2012. பேட்மேன் ஆண்டு இதழில் ஸ்காட் ஸ்னைடரும் ஜேம்ஸ் டைனியனும் கதையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். இப்போது நோரா இவனுடைய மனைவியே இல்லை! 1943-ல் பிறந்தவள், இவன் பிறப்பதற்கு முன்பே நோய்க்காக உறைய வைக்கப்பட்டவள். அவளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போனவன், பைத்தியமாகக் காதலித்து, மனைவி என்று தானே நம்ப ஆரம்பித்துவிட்டான். வேலை பார்ப்பதோ புரூஸ் வெய்னின் கம்பெனியில். அதாவது பேட்மேனுடைய கம்பெனியில்! வெய்ன் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்கிறார். இவன் ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி எறிகிறான். அது ரசாயனத் தொட்டியில் பட்டு, திரவம் இவன் மேலேயே கொட்டுகிறது.

கதையாகப் பார்த்தால் நல்ல திருப்பம்தான். படித்தபோது நானும் ஒரு நிமிஷம் அசந்து போனேன். ஆனால் விபத்து விசாரணையாகப் பார்த்தால் என்ன நடந்திருக்கிறது? 1992-ல் உதைத்தவர் முதலாளி. 2012-ல் முதலாளி நல்லவர், நிறுத்தச் சொன்னது நியாயம், தொழிலாளிக்குத்தான் மூளை பிசகு, அவனே எறிந்தான், அவனே நனைந்தான். வேலை செய்தவனின் கவனக்குறைவு! கோப்பை மூடு!

ஒரே விபத்து. ஒரே ஆள். ஒரே ரசாயனம். அறிக்கை எழுதியவர்தான் வேறு.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு கதைகளைச் சொல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். 2018-ல் டாம் கிங் எழுதி லீ வீக்ஸ் வரைந்த கதையில், மூன்று பெண்களைக் கொன்றதாக ஃப்ரீஸ் மீது வழக்கு. பேட்மேன் அடித்த அடியில் ஒப்புக்கொண்டும் விட்டான். ஜூரிகள் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்திருப்பவர் புரூஸ் வெய்ன்! மற்ற பதினொரு பேரும் குற்றவாளி என்கிறார்கள். வெய்ன் ஒருவர் மட்டும், பேட்மேன் தப்பு செய்திருக்கலாம் அல்லவா, அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லுமா என்று வாதாடுகிறார். தன் தப்பைத் தானே எடுத்து வைக்கிறார்! கெட்டவன் என்று ஊரறிந்தவனுக்கும் சாட்சியம் வேண்டும் என்பது எத்தனை பெரிய விஷயம்!

அடுத்து 2019-ல் பீட்டர் டொமாசி எழுதிய கதை. நோரா கண் விழிக்கிறாள். விழித்தவள் புருஷன் காலடியில் விழவில்லை. தனக்கென்று ஒரு துப்பாக்கி எடுத்துக்கொண்டு, தன் வழியே போய்விடுகிறாள். அவள் செய்வது நல்லதல்ல, அது வேறு. ஆனால் 1992-லிருந்து பெரும்பாலான கதைகளில் அந்தப் பெண் கண்ணாடிக் குழாய்க்குள் அழகாக மிதந்துகொண்டிருந்தாள். "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று ஃப்ரைஸும் கேட்கவில்லை, எழுதியவர்களும் கேட்கவில்லை, பார்த்த நாமும் கேட்கவில்லை. மாணவிகள் பக்கத்திலிருந்து இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஐஸ் கம்பெனியில் மூன்று வாரம்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்கு இந்த வில்லன் மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இதுவரை எழுதியது எளிது. இனிமேல்தான் கை நடுங்குகிறது.

போன வருஷம் தொழிற்பயிற்சிக்கு ஒரு கடற்கரை ஊரில் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். பெயர் வேண்டாம். மீன்பிடிப் படகுகளுக்குப் பார் ஐஸ் போடும் இடம். அமோனியா கம்ப்ரசர், கண்டென்சர், உப்புத்தண்ணித் தொட்டி, அதில் வரிசையாக இறக்கிய தகரக் கேன்கள். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததெல்லாம் உயிரோடு இரைந்துகொண்டிருக்கும். மணிக்கொரு தரம் பிரஷர், டெம்பரேச்சர் பார்த்து லாக் புக்கில் எழுதுவது என் வேலை.

அங்கே ஒரு ஹெல்பர் அண்ணன் இருந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கந்தகக் குச்சியைக் கொளுத்தி இணைப்புகள் பக்கம் காட்டி, "வெள்ளப் புகை வந்துச்சுன்னா லீக்குன்னு அர்த்தம் தம்பி, மூக்கை நம்பாத, மூக்கு பழகிப் போயிரும்" என்பார். எந்தப் புத்தகத்திலும் அந்தக் கடைசி வரி இல்லை.

இரண்டாவது வாரம் ஒரு வால்வின் கிளாண்டில் வெள்ளைப் புகை வந்தது. அண்ணன் சூப்பர்வைசரிடம் சொன்னார். "சீசன் நேரம், பிளான்ட்டை நிறுத்த முடியாது, அடுத்த வாரம் பேக்கிங் மாத்திக்கலாம்" என்றார் அவர். லாக் புக்கில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதில் எழுதப் பேனாவை வைத்தேன். "அதெல்லாம் எழுதாத தம்பி. ரீடிங் மட்டும் போடு. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தா நீயா பதில் சொல்லுவே?" என்றார். பேனாவை எடுத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்த வால்வைத் திருகப் போனவர் முகத்தில் அமோனியா பீய்ச்சி அடித்தது. முகமூடி அலுவலக அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். குழாயடியில் உட்கார வைத்து நாங்கள் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றினோம். "கண்ணு எரியுது தம்பி, ஊத்து, ஊத்து" என்று அவர் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. ஒரு கண் பிழைத்தது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்கள்.

விபத்து அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'பணியாளர் கவனக்குறைவு. பாதுகாப்புச் சாதனம் அணியவில்லை.'

நான்கு நாளாக லீக் இருந்தது என்பதற்கு எங்கேயாவது ஆதாரம் உண்டா? லாக் புக்கில் குறிப்பு என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில்!

எனக்குப் பயிற்சிச் சான்றிதழில் 'மிக நன்று' போட்டுக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். எழுதாமல் விட்டதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படிச்சு முடிச்சு நீ ஒரு இடத்துல சூப்பர்வைசரா வருவேல்ல? அந்த அலமாரிக்குப் பூட்டு போடாத தம்பி, அது போதும்" என்றார்.

அவர் எந்தத் துப்பாக்கியையும் தூக்கவில்லை. யாரையும் உறைய வைக்கவில்லை. அடிபட்டவன் எல்லாம் வில்லனாகிவிடுவான் என்று கதைகள் சொல்கின்றன. நிஜத்தில் அடிபட்டவர்களில் அநேகம் பேர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் அவர்களைப் பற்றிக் கதை வருவதில்லை. அவர்களை அப்படி ஆக்கியவர்களைப் பற்றி அறிக்கையும் வருவதில்லை.

நாம் எழுதப்போகும் கட்டம்

'ஹார்ட் ஆஃப் ஐஸ்' பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வராததற்கு நோரா காரணமல்ல. அந்த வீடியோ நாடாதான் காரணம். அது இல்லாவிட்டால் பேட்மேனாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஃப்ரீஸ் பைத்தியக்காரன், பாயில் மனிதாபிமானி என்றே உலகம் நம்பியிருக்கும். ஐஸ் கம்பெனியில் அந்த நாடா என் கையில் இருந்தது, நான்தான் பதிவு செய்யவில்லை.

என் கருத்து இதுதான். வில்லனை நல்லவனாக்கிக் காட்டுவது முன்னேற்றமல்ல. காரணமே இல்லாத கெட்டவனாகக் காட்டுவதும் உண்மையல்ல. வெப்பக் கணக்கு போடும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் வாத்தியார் மார்க் போடுவாரா? உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, இரண்டும் வேண்டும். 1959-காரர்கள் ஃப்ரீஸின் குற்றத்தை மட்டும் எழுதினார்கள். 1997-காரர்கள் சிலேடை எழுதினார்கள். 2012-காரர்கள் கணக்கின் ஒரு பக்கத்தை அழித்துவிட்டார்கள். 1992-ல்தான் இரு பக்கமும் எழுதப்பட்டது. ஃப்ரீஸ் செய்ததற்கு ஃப்ரீஸ் பொறுப்பு. பாயில் செய்ததற்கு பாயில் பொறுப்பு. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அந்த இருபத்திரண்டு நிமிஷம் நிற்கிறது.

நண்பர்களே, நாம் யார்? பெரிய முதலாளியும் அல்ல, கூலியாளும் அல்ல. டிப்ளமோக்காரன் நிற்கும் இடம் இரண்டுக்கும் நடுவில். மேலே இருந்து "எழுதாதே" என்று வரும். கீழே இருந்து "சொல்லு தம்பி" என்று வரும். பேனா நம்மிடம் இருக்கும். சில வருஷத்தில் நம்மில் எத்தனையோ பேர் எத்தனையோ ஷிப்டுகளில் லாக் புக்கில் கையெழுத்துப் போடப்போகிறோம். பேட்மேன் வரமாட்டார். ஒரு விபத்து நடந்தால், தப்பு யாருடையது என்பதை முடிவு செய்யப்போவது நாம் முந்தின வாரம் எழுதிவைத்த ஒரு வரிதான்.

வேலை போய்விடுமே என்று பயம் வரும். எனக்கும் வந்தது. அந்தப் பயம் தப்பு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் எழுதாமல் விட்ட கட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது வெள்ளையாக, ஐஸ் மாதிரி இருக்கும்.

அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். அலமாரியைப் பூட்டாதீர்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு